தாமதம் பூஜ்யம்

திரையைத் தொடாமல், ஒரு மயிரிழை தள்ளி நின்று எண்ணைச் சுட்டும் அக்காவின் விரல்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவு. உடன்பிறந்தவர் அல்ல, அங்கே என்னோடு வேலை பார்த்தவர்; என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா. ஆனாலும் பொறுப்பாளன் நான். ஆலங்குளம், சிவகிரி கிளைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளெல்லாம் எங்கள் சர்வரில்தான் பதிவாகும். ஒவ்வொரு பதிவும் உடனுக்குடன் திருநெல்வேலியில் இருந்த இன்னொரு சர்வருக்கு நகலாகப் போகும். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்க வேண்டும். நகல் எத்தனை விநாடி பின்தங்கியிருக்கிறது, மணிக்கு எத்தனை பதிவுகள் போய்ச் சேர்ந்தன என்று ஒரு மென்பொருள் காட்டிக்கொண்டிருக்கும். தாமதம் இல்லையென்றால் பச்சை, கூடினால் சிவப்பு. அதைக் கவனிப்பது அக்காவின் வேலை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த ஆனி மாதம். நான் சாப்பிடக் கிளம்பியபோது அக்கா கூப்பிட்டார்.

“சார், தாமதம் பூஜ்யம்னு பச்சையா காட்டுது. ஆனா போய்ச் சேர்ந்த பதிவும் காலையிலேர்ந்து பூஜ்யமாத்தான் இருக்கு. கீழ கூட்டத்தப் பாத்தியளா? நிக்க இடமில்ல. ஒண்ணுமே போகலேன்னா தாமதம் எப்படி வரும்?”

இணைப்பு சத்தமில்லாமல் அறுந்திருந்தது. வந்ததையெல்லாம் எழுதி முடித்துவிட்ட நகல், தான் பின்தங்கவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தது. அக்கா அதைத்தான் சொன்னார். எனக்கும் புரியத்தான் செய்தது. ஆனால் சரிசெய்ய வேண்டுமென்றால் பதிவை ஒரு மணி நேரம் நிறுத்தவேண்டும். மேலே கேள்வி கேட்பார்கள். “பச்சையா இருக்குல்லாக்கா, அடுத்த வாரம் பாப்போம்” என்றேன். மறுநாளும் சொன்னார். அதற்கடுத்த நாளும் சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் எங்கள் சர்வரின் ஹார்ட் டிஸ்க் செத்தது. நகலைத் திறந்தோம். அந்த ஒன்பது நாட்கள் அதில் இல்லை.

அந்த நாட்களில் ரத்தம் கொடுத்தவர்களின் சீட்டுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொருவரையும் மறுபடி ரத்தம் கொடுக்க வரச்சொல்லி அக்காதான் போன் செய்தார். சிவகிரியில் பீடி சுற்றும் ஒரு பெண்ணின் எண் மட்டும் கிடைக்கவில்லை. அக்கா பஸ் பிடித்து வீட்டுக்கே போனார். அந்தப் பெண் மடியிலிருந்த முறத்தைக்கூட இறக்கிவைக்கவில்லையாம்.

“எடுத்த ரத்தத்தையே தொலச்சிட்டு வந்து நிக்கிய. இனி என்னத்துக்குக் குடுக்கணும்?”

அவர் மறுபடி ரத்தம் கொடுக்க வரவேயில்லை. இரண்டு மாதம் கழித்து கால் வீங்கிய நிலையில் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு சிறுநீரகமும் போயிருந்தன. நான்காம் நாள் இறந்துபோனார். முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டேன். “சொல்ல முடியாது” என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் தூங்கினேன்.

விசாரணை அறிக்கையில் ‘கண்காணிப்புப் பணியில் இருந்தவர் கவனிக்கத் தவறினார்’ என்று எழுதியிருந்தார்கள். பொறுப்பாளன் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அன்றோடு அக்காவின் வேலை போனது. சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

போன மாதம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பில் அவரைப் பார்த்தேன். அவர் அங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் போயிருந்தேன். ஈரத்துண்டுகளோடு நின்றவர்களுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. கூட்டம் கலைந்ததும், தப்பு என்னுடையது, இப்போதாவது எழுதிக்கொடுக்கிறேன் என்றேன்.

“எழுதிக் குடுத்தா அந்தப் பொம்பள எந்திரிச்சு வந்துருவாளா சார்?” கோபமே இல்லாத குரல். சாவிகளை ஆணியில் மாட்டியபடி அவரே கேட்டார்: “இப்ப அங்கன யாரு பாக்குதா?”

“ஆள் போடலக்கா. சிவப்பு விழுந்தா மெயில் வர்ற மாதிரி வச்சிருக்காங்க.”

“அன்னிக்கும் சிவப்பு விழலயே” என்றார். அடுத்த குடும்பம் உள்ளே வந்தது. பதிவேட்டை அவர்கள் பக்கம் திருப்பிவைத்தார்.