மர்சூக் நானா துடைத்த முகம்

ஆதிலாவின் மூக்கு நல்ல மூக்கு. இருபத்தேழு வருடம் ஒழுங்காக மூச்சு விட்டது. பள்ளிக்கூடத்தில் அவள் கணக்குப் படிப்பிக்கும்போது கண்ணாடியைத் தாங்கியது. அதில் குறை கண்டவள் மாப்பிள்ளையின் தாய். "புள்ளக்கு மூக்கு கொஞ்சம் சப்பையா இரிக்கி" என்று, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னாள். சீதனமாக வீடு கேட்டார்கள், வாப்பா மேல்மாடியும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். மூக்கை மட்டும் அவரால் கட்டிக் கொடுக்க முடியவில்லை.

அதற்கென்று கல்முனையில் ஓர் அழகுநிலையக்காரி இருந்தாள். மணப்பெண்களுக்கு மருதோன்றி போட்டுக்கொண்டிருந்தவள், ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு மூக்கை எடுப்பாக்கும் ஊசி குத்தவும் தொடங்கியிருந்தாள். எங்கே படித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கணக்கு டீச்சரும் கேட்கவில்லை.

"அரை மணித்தியால வேலை. இந்தக் கன்னத்துத் தழும்பையும் எடுத்து விடவா?" என்றாள் அவள். ஆறு வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்து பட்ட தழும்பு அது, இடது கன்னத்தில் பிறை போல.

"அது கிடக்கட்டும். அது என்ட" என்றாள் ஆதிலா.

ஊசி ஏறியதும் மூக்கு நுனி வெளிறியது. வலியில் உயிர் போனது. "ஐஸ் வைங்க, சரியாகிரும்" என்று அனுப்பிவிட்டாள். ஐந்தாம் நாள் நுனி கறுத்துவிட்டது. மருந்து இரத்தக் குழாயை அடைத்துச் சதை செத்துவிட்டது என்றார் ஊர் டொக்டர். "இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அதுக்கு முதல் ஒரு படம் எடுத்து வைங்க, முறைப்பாட்டுக்குத் தேவைப்படும்."

போனில் எடுக்க ஹவ்வா உம்மா, அவளைப் பெற்றவர், விடவில்லை. போனில் எடுத்தால் ஊர் சுற்றும். நம்பிப் போகக்கூடிய ஒரே இடம் மர்சூக் நானாவின் ஸ்டூடியோ. பெண்களின் படத்தை அச்சடித்த கையோடு, வீட்டார் கண்முன்னாலேயே கெமராவிலும் கம்பியூட்டரிலும் அழித்துவிடுவார். இருபது வருடத்தில் ஒரு பெண்ணின் படமும் அந்தக் கடையிலிருந்து கசிந்ததில்லை. அன்றும் எடுத்தார், அச்சடித்தார், பின்பக்கம் திகதி முத்திரை குத்தி உறையிலிட்டார், அழித்தார். கறுத்த மூக்கைப் படத்தில் பார்க்க உம்மாவுக்கும் ஆதிலாவுக்கும் தெம்பில்லை. உறையைத் திறக்காமலே முறைப்பாட்டோடு சுகாதாரப் பணிமனையில் கொடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் செத்த சதையை வெட்டி எடுத்தபோது பாதி நுனி போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் "நஸீப் இல்ல" என்று விதியின்மேல் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அதுவரை முகம் மூடாதவளுக்கு உம்மா முகத்திரை வாங்கி வந்தார். "மாஷா அல்லாஹ், நல்ல மாற்றம்" என்று அயலார் மெச்சியபோது ஆதிலாவுக்குக் கையில் கிடைத்ததை எறிய வேண்டும் போலிருந்தது.

முதல் விசாரணையில்தான் உறை திறந்தது. பணிமனை அதிகாரி படத்தைப் பார்த்தார், மற்றவர்களுக்கும் காட்டினார். அழகுநிலையக்காரியின் சட்டத்தரணி அதை எட்டி வாங்கினார். "ஊசி போட்டு அஞ்சாம் நாள் எடுத்த படம், சேர். திகதி இருக்கு. மூக்கில ஒரு கீறலும் இல்ல. பழுதாக்கினது ஆஸ்பத்திரி." மேசைக்கு இந்தப் பக்கமிருந்து ஆதிலாவும் கண்டாள், வழவழப்பான ஒரு மூக்கை. ஊர் டொக்டர் எதையும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

அங்கிருந்து நேரே ஸ்டூடியோவுக்குப் போனாள்.

"கம்பியூட்டரில மூக்கைத் துடைச்சீங்களா, நானா?"

"மனம் கேக்கல்ல மகள். ஆர்ட முகத்தையும் நான் அப்பிடியே குடுத்ததில்ல." உண்மைதான். பரு, மச்சம், கருவளையம் என்று கல்முனையில் அவர் துடைக்காத முகமில்லை.

"நான் உங்களிட்ட அழகையா கேட்டன்? அத்தாட்சி கேட்டன்! முதல் எடுத்த படத்தைத் தாங்க."

"அழிச்சிட்டன் மகள். உம்மாக்கு முன்னாலதான்."

அவரை அடிக்கவும் முடியாது, அவ்வளவு நல்ல மனுஷன். அதுதான் ஆத்திரத்தை இரட்டிப்பாக்கியது. படம் எடுக்க இருத்தும் ஸ்டூலை உதைத்துவிட்டு வெளியே வந்தாள்.

டொக்டர் தக்சாயினி முகம் சீரமைக்கும் சத்திரசிகிச்சை நிபுணர். வளவளவென்று பேசாதவர். ஆதிலாவின் நெற்றித் தோலில் ஒரு துண்டை வெட்டி, அடியை அறுக்காமல் திருப்பி இறக்கி மூக்கில் தைத்தார். மூக்கில் வேர் பிடிக்கும் வரை அதற்கு நெற்றியிலிருந்துதான் இரத்தம் வர வேண்டும். மூன்று கிழமைக்கு அந்தச் சதைப்பாலம் இரண்டு கண்களுக்கும் நடுவில் கிடக்கும். "மூக்கை நான் கட்டித் தருவன். அந்த ஊசிக் கடையைப் பூட்டுறது உங்கட வேலை" என்றார்.

அந்த மூன்று கிழமைக்குள் இரண்டாம் விசாரணை வந்தது. "தவணை கேளு புள்ள, இந்தக் கோலத்தோட போவாணாம்" என்றார் உம்மா. ஆதிலா போனாள்.

மர்சூக் நானாவும் வந்திருந்தார். எழுந்து, "நான்தான் துடைச்சன்" என்றார். சட்டத்தரணி சிரித்தார். "பொய்ப்படம் செய்யிற ஆள் எண்டு அவரே சொல்றார். இப்ப சொல்றத மட்டும் எப்பிடி நம்புற?"

அதிகாரி படத்தை ஆதிலாவிடம் நீட்டினார். "தங்கச்சி, இது உங்கட முகம்தானே?"

முதன்முறையாக அதைக் கையில் வாங்கினாள். மூக்கு வழவழப்பு. கன்னமும் வழவழப்பு. உற்றுப் பார்த்தாள். இடது கன்னத்தில் கிணற்றுக்கட்டுத் தழும்பைக் காணவில்லை.

முகத்திரையைக் கழற்றினாள். அறையில் இருந்த ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"தேவல்ல தங்கச்சி, மூடுங்க" என்றார் அதிகாரி.

"மூடேலா, சேர். குனியாம பாருங்க." குரல் வகுப்பறைக் குரலாக எழும்பியது. "இந்தத் தழும்பு ஆறு வயசில இருந்து என்ட கன்னத்தில இரிக்கி. இந்தப் படத்தில எங்க? அஞ்சு நாளையில மறைஞ்சி, மறுகா முளைச்சி வந்ததா? ஊசி போடக்குள்ள இதையும் எடுத்து விடவா எண்டு கேட்டவ இந்தா இருக்கா. அவட்டயே கேளுங்க!"

அழகுநிலையக்காரி நிலத்தைப் பார்த்தாள். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன்னத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், திரும்பவும் கன்னத்தைப் பார்த்தார். பிறகு, படம் திருத்தப்பட்டது, அதை அத்தாட்சியாக ஏற்க முடியாது என்று எழுதி வாசித்தார். ஆஸ்பத்திரிமேல் பழி போட வேறு ஆதாரம் இல்லாததால், விசாரணை முடியும்வரை அழகுநிலையத்தைப் பூட்டச் சொன்னார். அன்று பின்னேரமே பூட்டு விழுந்தது.

வெளியே உம்மா முகத்திரையை நீட்டினார். ஆதிலா அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். படியடியில் மர்சூக் நானா நின்றுகொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல்.

"நானா, அடுத்த கிழமை டொக்டர் இந்தப் பாலத்தை வெட்டி விடுவா. மறுகா புது ஐடென்டிட்டி கார்டுக்குப் படம் எடுக்க உங்களிட்டத்தான் வருவன்" என்றாள் ஆதிலா. "தழும்பில ஒண்டு குறைஞ்சாலும், உங்கட கடையில ஒரு கண்ணாடி மிஞ்சாது."

"ஓம் மகள்" என்றார் மர்சூக் நானா.