ஓடுகிறவனை அடிக்கலாமா

எண்பதுகளின் கடைசியில் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டு முன்னறையில் நானும், பெற்றோல் ஸ்டேஷனில் வேலைசெய்த ஒரு அண்ணையும் இருந்தோம். இரண்டு பேருடைய அகதி விண்ணப்பத்துக்கும் முடிவு வரவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் டிவியில் அமெரிக்கன் ஃபுட்போல் பார்ப்போம். விதிகள் பாதிதான் விளங்கும். எங்களுக்குள் சண்டை மட்டும் முழுதாகப் பிடிப்போம்.

அன்று பந்தை எறிய வேண்டிய குவாட்டர்பேக், எறியாமல் தானே அதைத் தூக்கிக்கொண்டு ஓடினான். இரண்டு தடியர்கள் பாய்ந்து அவனை நிலத்தோடு மோதி விழுத்தினார்கள். அவன் எழும்ப நேரமெடுத்தது. என்னால் இருக்க முடியவில்லை. கட்டிலுக்கும் யன்னலுக்கும் இடையே நடந்தேன்.

"ஊரிலை கிளித்தட்டு விளையாடேக்கை ஓடுறவனைத் தொட்டாலே ஆள் அவுட். இவங்கள் ஏன் இந்த அடி அடிக்கிறாங்கள்?"

அண்ணை டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓட வெளிக்கிட்டால் அடி விழும்தானே. பயமெண்டால் சறுக்கி விழுந்து படுக்கட்டும். படுத்தவனை அடிக்கக் கூடாது எண்டு இதிலை சட்டம் இருக்கு."

சட்டம் என்றதும் எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது.

"ஊரிலை சுற்றிவளைப்பிலை ஆமிக்காரங்கள் நிலத்திலை படுக்கச் சொல்லிப்போட்டுத்தானே அண்ணை எங்களை அடிச்சவங்கள்?"

அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். அந்தச் சுற்றிவளைப்பிலிருந்து நிமிராத இடது முழங்கையை மெல்லத் தடவினார்.

"ஓம்," என்றார். "அதாலைதான் இதைப் பாக்கிறன்."