வெளிச்சம் வராத லேசர்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த லேசரைப் பழுது என்று முடிவுகட்டி, கல்லடிப் பாலம் தாண்டிக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கப் பார்த்தவன் நான்.

மனைவிக்கு வலது தோள் இறுகிவிட்டது. கை காதுக்கு மேலே எழாது. கொண்டை போடும் வேலை என் தலையில் விழுந்தது. நான் போட்ட கொண்டை கோயில் வாசலுக்குப் போகுமுன் அவிழ்ந்துவிடும்.

"எனக்கு வேற ஒண்டும் வேணாம். என்ட கொண்டைய நானே கட்டினாப் போதும்" என்பாள்.

பிசியோதெரபி செய்யும் பிள்ளை பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து, தோளில் பிடிக்கக் கையடக்க அகச்சிவப்பு லேசர் ஒன்றையும் தந்துவிட்டாள். திருவிழாக் கடையில் விற்கும் சிவப்பு லேசர் என் நினைப்பில். அறையை இருட்டாக்கிச் சுவரில் அடித்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. திருப்பி உள்ளே எட்டிப் பார்க்கப் போனேன்.

"கண்ணக் கெடுத்துப் போடாதீங்க!" என்று மனைவி இடக்கையால் பறித்தாள்.

மறுநாள் இருவரும் அந்தப் பிள்ளையிடம் போனோம். அவள் லேசரைத் தன் உள்ளங்கையில் பிடித்து, போன் கமராவைத் திருப்பினாள். திரையில் மங்கலாய் ஓர் ஊதாப் பொட்டு!

"இது நம்மட கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஐயா."

விட்டேனா? "இந்தச் சின்னப் பற்றரியில என்ன பவர் வரப்போகுது பிள்ள?"

"சொட்டுச் சொட்டா வாளிய நிரப்பி, ஒரே வீச்சில ஊத்தினா எப்பிடி இருக்கும்? அதுதான் இது. உள்ளுக்குள்ள கரண்டச் சேத்து வைச்சு, கண் இமைக்கிறத விட எவ்வளவோ குறைஞ்ச நேரத்தில ஒரேயடியா விடுது. அந்தக் கணத்தில பவர் பெரிசு. மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்கும், அதால சூடாகிறதுமில்ல."

"இதால சுகம் வருமா மகள்?" என்றாள் மனைவி.

"உதவும் அம்மா. ஆனா பயிற்சிய விட்டிடாதீங்க."

மனைவி விடவில்லை. மாலைதோறும் சுவரில் விரல்களை நண்டுபோல மேலே ஏற்றுவாள், வலியில் பல்லைக் கடிப்பாள். பிறகு நான் லேசரைப் பிடிப்பேன்.

ஒரு காலை, வழக்கம்போலச் சீப்போடு போய் நின்றேன். கண்ணாடி முன்னால் அவளுடைய இரண்டு கைகளும் பிடரியில் இருந்தன. கோணல் கொண்டைதான், ஆனால் அவள் போட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வாயைத் திறந்தேன்.

"பாத்தியாகா, நானும் அந்த லேசர் மாதிரித்தான். கூடுதலான நேரம் சும்மா இருப்பன். ஆனா ஒரு கணத்தில விடுவன் பாரு பவர்!"

பல்லில் கடித்திருந்த கொண்டையூசியை எடுத்துச் செருகியபடி சொன்னாள்:

"அந்தக் கணத்த நான் இன்னும் காணல்ல."