பீலிக்கு முந்திப் போன சேதி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், முதலில் போன் வந்தது என் காம்பராவுக்குத்தான். கம்பி இல்லாத மேசைப் போன். கொழும்பில் கடை வேலைக்குப் போன மகன் வாங்கிக் கொடுத்தான். பூ வேலை செய்த துணியால் அதைப் போர்த்தி வைத்திருந்தேன். யாருக்கு அழைப்பு வந்தாலும் நான்தான் வாசலில் நின்று சத்தம் போட்டுக் கூப்பிடுவேன். கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை போஞ்சி நறுக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. மறுநாள் மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குடம் பிடிக்கும்போது யார் வீட்டில் கல்யாணம், யாருக்குச் சுகமில்லை என்று எல்லோருக்கும் சொல்வதும் நான்தான்.

அப்புறம் பக்கத்துக் காம்பராக்காரி ஹட்டனுக்குப் போய் ஒரு டச் போன் வாங்கி வந்தாள். என்னைவிடச் சின்னவள், மலையில் எனக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள். முகம் பார்த்துப் பேசலாமாம். லயமே அவள் வாசலுக்குப் போய்விட்டது. எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், அந்தப் போன் கீழே விழுந்து உடையாதா என்றுகூட நினைத்தேன்.

மருமகள் கொழும்புக்காரி, தலைப்பிரசவம் தாய் வீட்டில். எனக்கு இருந்தது ஒரே ஆசை. பேரப்பிள்ளை பிறந்த சேதியை என் போனில் கேட்டு, என் வாயால் லயத்துக்குச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் அழைத்து, அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகச் சொன்னான். அதிலிருந்து நான் போனை விட்டு அசையவில்லை. அடிக்கடி எடுத்துக் காதில் வைத்து, உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

அது மணி அடிக்கவில்லை. பக்கத்து வாசலிலிருந்துதான் சத்தம் வந்தது.

“அக்கா! ஒங்களுக்குத்தான் போன்! ஓடி வாங்க!”

ஓடினேன். அவள் நீட்டியதைப் பறித்துக் காதோடு அழுத்தி, “என்னாச்சுப்பா?” என்று கத்தினேன்.

“அம்மா, ஒங்க காதுதான் தெரியுது. போனை மூஞ்சிக்கு நேரா புடிங்க, புள்ளையப் பாருங்க!”

எனக்குத் தடுமாறியது. அவள் போனை வாங்கித் தன் பக்கம் திருப்பினாள்.

“அட, பொம்பளப் புள்ள! மூக்கு அப்படியே ஒங்க மூக்குக்கா!”

நான் இன்னும் பார்க்கவில்லை. என் பேத்தியின் மூக்கை அவள் பார்த்துவிட்டாள்.

பிறகு காட்டினாள். வெள்ளைத் துணிக்குள் சிவந்த முகம், ஒரு கண் மட்டும் பாதி திறந்திருந்தது. அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

“ஏன்பா நம்ம போனுக்கு எடுக்கல?”

“அதுல புள்ளைய எப்படிம்மா காட்டுறது?”

நான் பேசி முடிக்கும்வரை அவள் நகரவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள், கேட்காத மாதிரி.

வீட்டுக்கு வந்து முகம் கழுவி, நல்ல சேலை கட்டி, சீனி டப்பாவை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். குடங்களோடு நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார்கள்.

“பேத்தியாமே! மூக்கு ஒங்க மூக்காமே!”

முன்னால் நின்ற பக்கத்துக் காம்பராக்காரி, குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் டப்பாவைத் திறக்காமல் வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.