சிவப்பு மருந்தும் சிவப்புப் பழமும்

ஷிஃப்ட் முடிந்து சீருடை மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் அது கையில் தட்டுப்பட்டது. இடது மார்பின் ஓரத்தில், ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு. வலியே இல்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு வயர் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறவள் நான். நாள் முழுக்க லென்ஸ் வைத்துக் குறை தேடுகிற வேலை. இதற்கு ரிஜெக்ட் ஸ்டிக்கர்தான் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. மறுநாள் லீவு சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறினேன்.

பயாப்சி (கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவு வந்த அன்று என் கணவர் சாமுவேலும் கூட இருந்தார். மருத்துவர் என்னைவிட வயதில் சின்னவர். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“கேன்சர்தான்மா. ஆனா சீக்கிரமே வந்துட்டீங்க. முதல்ல ஆபரேஷன். அப்புறம் கீமோ, ஆறு சைக்கிள்.”

கீமோ என்பது புற்றுச் செல்களைக் கொல்ல நரம்பு வழியாக ஏற்றும் மருந்து. மருந்து ஏற்றுவதும் உடம்பு தேறுவதற்கு விடும் இடைவெளியும் சேர்ந்தது ஒரு சைக்கிள். இதை நான் புரிந்துகொண்டேன். என் நாத்தனார் மெர்சிக்குச் சாமுவேல் போனில் ஸ்பீக்கர் போட்டுச் சொன்னபோதுதான் வம்பாகிவிட்டது.

“ஆறு சைக்கிளா? அவளுக்கு இன்னாத்துக்குடா சைக்கிளு? இஸ்கோல் புள்ளைங்களுக்குத் தர்ற மாதிரி கவர்மென்ட்ல தராங்களா?”

அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அதற்காக மெர்சி அண்ணிக்கு இன்றைக்கும் நன்றி உண்டு. பின்னால் அவரோடு போட்ட சண்டையெல்லாம் அந்த நன்றியை ஒன்றும் செய்யவில்லை.

மார்பை எடுத்துவிட்டார்கள். காயம் ஆறியதும் கீமோ தொடங்கியது. முதல் நாள் நர்ஸ் ஒரு சிவப்பு மருந்தைக் கொண்டுவந்தார். ரோஸ்மில்க் கடையில் எசன்ஸ் பாட்டிலோடு வைத்தால் யாரும் வித்தியாசம் காண முடியாது. “இது போனா ஒரு நாள், ரெண்டு நாளைக்கு யூரின் செவப்பா போகும். மருந்தோட கலர்தான், ரத்தம் இல்ல. பயப்படாதீங்க” என்றார். சொன்னபடியே போனது. சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. ஆனால் அந்த நிறத்தின் மீது ஒரு வெறுப்பு வந்துவிட்டது. அலமாரியில் இருந்த சிவப்புப் புடவையைக்கூட உள்ளே தள்ளி வைத்தேன்.

அண்ணிக்கு வீடு பொதட்டூர்பேட்டையில். அங்கே அவர் தெருக்காரர் ஒருவர் நிலக்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தில் கல்தூண் நட்டு, மேலே பழைய டயர் மாட்டி, டிராகன் பழக்கொடி ஏற்றியிருக்கிறார். கள்ளி ஜாதிச் செடி. பை நிறைய அந்தப் பழத்தைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அண்ணி வந்து இறங்குவார். வெளியே செதில் செதிலாக ரோஜா நிறம். கூடவே அவர் போனில் ஒரு வீடியோவும் வரும். இந்தப் பழம் கேன்சரைக் கரைக்கும், ரத்தத்தை ஊற வைக்கும், சர்க்கரையை இறக்கும். அந்த வீடியோ போகிற போக்கைப் பார்த்தால் நிலப் பட்டாவைக்கூட மாற்றிக் கொடுக்கும் போலிருந்தது.

மருத்துவரிடம் கேட்டேன்.

“நல்ல பழம்தான். நார்ச்சத்து இருக்கு, வைட்டமின் சி இருக்கு, தண்ணிச் சத்து இருக்கு. கீமோவுல வர்ற மலச்சிக்கலுக்கும் உதவும். நல்லா கழுவி, தோலை உரிச்சு, அப்பப்ப வெட்டிச் சாப்பிடுங்க. மருந்துக்குப் பதிலா மட்டும் சாப்பிடாதீங்க.”

மலச்சிக்கலுக்கு உதவும் என்று ஒரு வீடியோவும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் யார் பார்ப்பார்கள்?

மூன்றாவது சைக்கிளில் என் தலையில் ஒரு முடி இல்லை. வாய் முழுக்கப் புண். நகங்கள் கறுத்துவிட்டன. அண்ணி என்னைப் பார்த்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்மானமாகப் பேசினார்.

“போதும் எஸ்தரு. ஊசி போட்டுப் போட்டு உடம்பே பேஜாரா பூட்ச்சி. நாப்பது நாளு, லெந்து காலத்துல உபவாசம் இருக்கற மாதிரி. வேற எதுவும் வேணாம், இந்தப் பழம் மட்டும் துன்னு. சபையில எல்லாரும் உனக்கோசரம் ஜெபம் பண்றோம். கர்த்தர் பாத்துக்குவாரு.”

“கர்த்தர் அந்த டாக்டரையும் பாத்துக்கினுதான் அண்ணி கீறாரு” என்றேன்.

எனக்குத் துணையாக ஒரு வார்த்தை வரும் என்று சாமுவேலைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு தபா தள்ளிப் போட்டா இன்னா ஆயிடப் போவுது? உன்னால நிக்கவே முடியல.”

எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன். இரண்டு பேரும் என் மேல் உயிரை வைத்திருப்பவர்கள். அந்தப் பாசத்தினாலேயே என்னைச் சாகடித்துவிடுவார்கள் போலிருந்தது. உடம்பு என்னுடையது. அதில் எதை ஏற்றுவது, எதை நிறுத்துவது என்று நான் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து அந்தப் பழத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். மருத்துவர் சாப்பிடச் சொன்னதுதான். ஆனால் மருந்து என்ற பெயரில் அது என் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கும்வரை என் வாய்க்குள் போகாது. வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன். வீம்பு இல்லாமல் அந்த மாதங்களை என்னால் கடந்திருக்க முடியாது.

நான்காவது சைக்கிளுக்குத் தனியாகக் கிளம்பினேன். தலையில் துப்பட்டா, கையில் மருத்துவமனைப் பை, வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் கவர். கும்மிடிப்பூண்டியில் கிளம்பும் ரயில் என்பதால் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பொன்னேரி வரும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. காலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சிவப்பு மருந்து பாதி இறங்கியிருந்தபோது சாமுவேல் வந்து சேர்ந்தார். கையில் தூக்குவாளி. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “மோர்க்கஞ்சி. உப்பு கம்மியா போட்டுக்கீறேன், வாய் எரியாது” என்று மட்டும் சொன்னார். மீதி இரண்டு சைக்கிளுக்கும் அவர்தான் கூட்டிக்கொண்டு போனார்.

சிகிச்சை முடிந்தது. முடி சுருள் சுருளாக முளைத்தது. வேலைக்குத் திரும்பினேன். அடுத்த ஆடியில் அண்ணி வந்தார். பை இருந்தது, வீடியோ இல்லை. “சும்மா எடுத்தாந்தேன். துன்னா துன்னு, உட்டா உடு” என்றார்.

சும்மா என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது. வெட்டினேன். உள்ளே ரத்தச் சிவப்பு, எள் தூவியதுபோல விதைகள். கத்தியும் விரலும் சிவந்துபோயின. ஒரு துண்டை வாயில் போட்டால் சப்பென்று இருந்தது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? உப்பும் மிளகாய்த்தூளும் தூவி எலுமிச்சை பிழிந்தேன். அப்போதுதான் பழத்துக்கு உயிர் வந்தது. ஒன்று முடித்து இரண்டாவதையும் தின்றேன்.

மறுநாள் காலை, கழிவறையில் சிவப்பாகப் போனது.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். சிவப்பு மருந்து நிறுத்தி எத்தனையோ மாதமாகிவிட்டது. அப்படியானால் இது ரத்தம். திரும்பி வந்துவிட்டது, சிறுநீரகத்துக்குப் போய்விட்டது, இனி எந்த மருந்தும் கேட்காது. ஒரு நிமிடத்தில் என் சாவு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். சாமுவேலிடம் சொல்ல வாய் வரவில்லை. கம்பெனிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மறுபடியும் அதே ரயில்.

மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நேத்து என்ன சாப்பிட்டீங்க?” என்றார்.

கஞ்சி, வஞ்சிரக் குழம்பு என்று சொல்லிக்கொண்டே வந்து, “டிராகன் பழம்” என்றேன்.

“உள்ள வெள்ளையா, செவப்பா?”

“செவப்பு.”

“எத்தனை?”

“ரெண்டு.”

அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். இருந்தாலும் சோதனைக்கு அனுப்பினார். ரத்தம் இல்லை. பீட்ரூட் தின்றால் போவதுபோல, பழத்தின் சாயம்தான். இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சிவப்பாகப் போனால் பழம்தான் என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். என்னைப்போல் போய்ச் சோதித்துப் பாருங்கள். அசடு வழிய வேண்டியிருக்கும், பரவாயில்லை.

வரும் வழியில் அண்ணிக்குப் போன் செய்து கத்தினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அப்ப பழம் உள்ள போயி வேல செய்யுதுன்னுதானே அர்த்தம்?”

ரயிலில் எதிர் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

இப்போது அந்தப் பழம் என் சமையலறையில் இருக்கிறது, மருந்து டப்பாவில் இல்லை. தயிரில் போட்டுச் சீரகம் தாளித்தால் ஊதாப்பூ நிறத்தில் பச்சடி. செதில்களைச் சீவிவிட்டு, தோலை உளுந்து, மிளகாய், புளியோடு வதக்கி அரைத்தால் துவையல். கேன்டீனுக்கு எடுத்துப் போனால் என் டப்பாதான் முதலில் காலியாகிறது. எதையும் கரைக்கும் என்று யாரிடமும் சொல்வதில்லை. பசிக்கும்போது தின்னச் சொல்கிறேன்.

என் மார்பின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. அதை மறைக்கப் பஞ்சு வைப்பதில்லை. சோதனைக்கு இன்னும் போகிறேன். கேன்சர் திரும்பி வராது என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்க மாட்டார். முன்பெல்லாம் என் காலம் அடுத்த சைக்கிள், அடுத்த ஸ்கேன் என்று முன்னால்தான் கிடந்தது. நேற்று என்று ஒன்று இருந்ததே மறந்துவிட்டது.

இன்று காலை மறுபடியும் சிவப்பு. குனிந்து பார்த்தேன். நெஞ்சு ஒரு முறை தடக்கென்றது. அது இனி எப்போதும் அடிக்கும், அடிக்கட்டும். நேற்று சாயங்காலம் வேலை விட்டு வந்து, வாசல்படியில் உட்கார்ந்து, மிளகாய்த்தூள் தூவி ஒரு முழுப் பழத்தை யாருக்கும் தராமல் தின்றது நினைவுக்கு வந்தது. தண்ணீர் ஊற்றிவிட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.