கயிறு இல்லாமல் வராத பாட்டு

நாற்பது அடிக் கயிறு வேண்டும் என்று எழுதிய ஒரு துண்டுக் கடிதம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. எழுதியவர் சனிக்கிழமைகளில் கைதிகளுக்கு நாடகம் பழக்க வந்த டீச்சர். நான் அப்போது அந்தச் சிறையில் காவலன். கடிதத்தைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. சிறைக்குள் கயிறு என்றால் ஒன்று மதிலுக்கு, இல்லாவிட்டால் கழுத்துக்கு. என் வேலை எனக்குப் படிப்பித்தது அவ்வளவுதான்.

“என்னத்துக்கு டீச்சர் கயிறு? மதில் பாயவா?”

“பாட்டுக்கு,” என்றார்.

நாடகத்தில் கரைவலை இழுக்கும் காட்சி ஒன்று இருந்தது. அதில் நின்ற எட்டுப் பேரும் கற்பிட்டிப் பக்கத்துக் கடல்காரர்கள். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் வரிசையில் நிறுத்திப் பாடச் சொன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். இரண்டாம் அடி ஒருவனுக்கும் வரவில்லை. பழைய சாரங்களை முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தார்கள். சாரம் கிழிந்து மூன்று பேர் மல்லாக்க விழுந்தார்கள்.

“கையில கயிறு இல்லாட்டி வாயில ஒண்டும் வராது டீச்சர்,” என்றார் அவர்களில் மூத்தவர். மாம்புரிக் கரையில் முதலடி எடுத்துப் பாடியவர் என்பதால் எல்லோரும் அவரை அம்பாக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

கடைசியில் எங்கள் சிறைப் பெரிய அதிகாரி ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். கயிற்றின் மற்ற நுனி காவலர் கையில் இருக்க வேண்டும். அப்படித்தான் நானும் இன்னும் இரண்டு பேரும் வலையானோம்.

“சேர், நீங்கதான் எங்கட மீன்,” என்றான் ஒருவன்.

“வாயப் பொத்திட்டு இழுடா,” என்றேன். இழுத்தார்கள். சப்பாத்து சீமெந்தில் வழுக்க, மூன்று காவலரும் போய் அவர்கள் காலடியில் நின்றோம். நானும் சிரித்துவிட்டேன்.

அம்பாக்காரர் உள்ளே வந்தது கொலைக்காக. அன்றைக்கு வலை போடும் முறை யாருடையது என்ற சண்டையில், வலையின் மற்றப் பக்கத்தில் மறுகயிறு இழுக்கும் கூட்டாளியைத் துடுப்பால் அடித்திருந்தார். வழக்கிலும் அதற்குப் பிறகும் அவர் சொன்னது ஒரே கதை: “அவன் தானா விழுந்தான்.” மாதாமாதம் அவருடைய தங்கச்சி பார்க்க வருவார். அம்பாக்காரரின் மகளும் கூட வருவாள். ஆனால் வாசலில் உட்காரப் போட்டிருந்த வாங்கிலேயே இருந்துவிடுவாள். ஏன் உள்ளே போவதில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

“செஞ்சத அவர் வாயால சொல்லட்டும் சேர். பொறகு போறன்.”

நாடகத்தன்று குடும்பங்களுக்கும் அனுமதி கொடுத்தார்கள். அத்தை வற்புறுத்தியதால் அவளும் வந்து கடைசிக் கதிரையில் இருந்தாள்.

அம்பாவில் ஒரு வழக்கம் உண்டு. முதலடி எடுப்பவர் அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைக் கட்டிப் பாடுவார். யார் குடித்தான், யார் பெண்சாதியிடம் ஏச்சு வாங்கினான் என்று எல்லாம் வரும். மற்றவர்கள் பதில் பாடாமல் விடக் கூடாது. விட்டால் இழுவை குலைந்துவிடும். அன்றைக்கும் அவர் எங்களை வைத்துத்தான் தொடங்கினார். என் தொப்பையைப் பாடினார். சபை சிரித்தது. பிறகு குரல் இறங்கியது.

“மறுகயிறு ஆரு கையில?”

“ஏலேலோ!”

“மண்ணுக்குள்ள கிடக்கிறான்டா!”

“ஏலேலோ!”

“அடிச்சவன் ஆரு கேளடா!”

“ஏலேலோ!”

“அடிச்ச கை இந்தக் கைதான்!”

“ஏலேலோ!”

அதற்கும் பதில் பாடினார்கள். கயிறு பிடித்த உடம்பு அப்படித்தான். பாடிய பிறகுதான் என்ன பாடினோம் என்று அவர்களுக்கு விளங்கியது. கயிறு தொய்ந்தது. எங்கள் பக்கம் நாங்களும் இழுக்கவில்லை. அம்பாக்காரர் தன் கைகளைப் பார்த்தபடி நின்றார். கடைசிக் கதிரையைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. அவள் எப்போது எழுந்து போனாள் என்று தெரியவில்லை.

இப்போது நான் ஓய்வு பெற்று முந்தலில் இருக்கிறேன். அந்த நாடக வகுப்பை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். தேத்தண்ணிக் கடையில் கதை வந்தால், “நானா, கொலைகாரனுக்குக் கூத்து என்னத்துக்கு?” என்று கேட்கிறார்கள். நானும் அப்படிக் கேட்ட மடையன்தான். செத்தவன் அந்தப் பாட்டால் எழும்பி வரவில்லை. அவன் பெண்சாதியின் கண்ணீரும் நிற்கவில்லை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பொலிஸும் கோர்ட்டும் நாங்களும் இத்தனை வருடம் கேட்டு வாங்க முடியாத ஒரு வசனத்தை அந்த மனிதனிடமிருந்து இழுத்தெடுத்தது நாற்பது அடிக் கயிறு. நிறுத்தியவர்கள் ஒருநாளாவது வந்து பார்த்தார்களா?

நாடகம் நடந்த அடுத்த மாதம் வாசல் பதிவேட்டில் நான்தான் இருந்தேன். அவள் அத்தை இல்லாமல் தனியாக வந்தாள். பேரை எழுதினாள். ஊரை எழுதினாள். ‘உறவு’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றது. பின்னால் நின்ற கிழவி, “கெதியா எழுது புள்ள, வெயிலுக்குள்ள எவ்வளவு நேரம் நிக்கிற?” என்று ஏசினாள்.

‘மகள்’ என்று எழுதிவிட்டு, உள்ளே எந்தப் பக்கம் போவது என்று என்னிடம் கேட்டாள்.