ஏழாம் விதியும் பெரிய டிரம்மும்

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் படிக்கக் கூடியவள் பத்து வயதான நான் ஒருத்திதான். ஆகவே அன்னவாசலில் எங்கள் குடும்பத்துப் பேண்டு செட்டுக்கு நானே காரியதரிசி. பிற்காலத்தில் முப்பது வருஷம் அரசாங்கப் படிவங்களோடு மல்லுக்கட்டியதற்கு அதுதான் பிள்ளையார் சுழி.

சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதுக்கோட்டைப் பொருட்காட்சியில் பேண்டு வாத்தியப் போட்டி என்று நோட்டீஸ் வந்தது. கிளாரினெட் வாசிக்கும் என் தாய்மாமன்தான் செட்டுக்குத் தலைவர். டவுன்காரர்கள் எங்களைப் பட்டிக்காட்டு செட்டு என்பது அவருக்குத் தீராத எரிச்சல். கோப்பையோடு திரும்பி அந்த வாய்களை அடைப்பதென்று முடிவு கட்டிவிட்டார். பெரிய டிரம் அடிக்கும் பெரியப்பா, போட்டியே கூடாது என்றார்.

"இப்ப அவனவன் நம்மதான் ஒசத்திங்கிறான். ஏன்? எவனும் அளந்து பாக்கல, மாப்ள. ரெண்டாவதுன்னு ஒருத்தன் எழுதிப்புட்டா, அப்புறம் கல்யாண வீட்டுக்காரன் மொதலாவதைத் தேடிப் போயிருவான்."

"மொதலாவதே நம்மதான் மச்சான்."

"அத நானா இல்லேங்கிறேன்? காயிதத்துல எழுத விடாதேங்கிறேன்."

மாமா என்னிடம் படிவத்தை நீட்டினார். நிரப்பினேன்.

நோட்டீசின் பின்பக்கம் விதிகள். ஏழாவதைப் படித்தபோதுதான் வீடு கலங்கியது. வாசிப்போர் மேடையில் அவரவர் இடத்தில் நின்றே வாசிக்க வேண்டும். நடுவில் மேடையை விட்டு இறங்கும் குழு மதிப்பிடப்பட மாட்டாது. எங்கள் செட்டு நின்று வாசித்ததே இல்லை. மாப்பிள்ளை ஊர்வலத்தில் பெரிய டிரம் போகும் வழியில்தான் மற்ற எட்டுப் பேரின் கால்களும் போகும். அதற்கு யோசனை தேவையில்லை.

மாமா களத்தில் சுண்ணாம்பால் ஒன்பது வட்டம் போட்டார். முதல் நாள் வட்டத்தில் ஆரம்பித்த பாட்டு கிணற்றடியில் முடிந்தது. சைடு டிரம்காரரின் கணுக்காலை, அவர் சம்மதத்தோடு, முளைக்குச்சியில் கட்டிப் பழக்கினார். ஒரு மாதம் இப்படி. கடைசியில் ஒன்பது பேரும் நட்ட கல் போல நின்றார்கள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் பெரியப்பா கூப்பிட்டார். "ஆத்தா, அந்த ஏழாவத இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"மதிப்பிடப்பட மாட்டாதுன்னா?"

"மார்க்கே போட மாட்டாங்க பெரியப்பா."

"கொறச்சலாக்கூட?"

"ஒண்ணுமே கெடையாது."

அவர் டிரம்மின் வாரை இறுக்கத் தொடங்கினார்.

மேடையிலும் மாமா வட்டம் போட்டுவிட்டார். டவுன் செட்டு முன்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. எங்களவர்கள் அசையாமல் வாசித்தார்கள், பெரியப்பாவும்தான். பாதிப் பாட்டில் மாமாவின் கிளாரினெட் கிறீச்சென்றது. சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை. ஏதோ புதுச் சங்கதி போலிருக்கிறது என்று நான் பெருமைப்பட்டேன். முன்வரிசையில் சிரித்தார்கள். நடுவர் பென்சிலைக் காகிதத்துக்குக் கொண்டுபோனார்.

பெரியப்பா பென்சிலைப் பார்த்தார். பிறகு வட்டத்தை விட்டு வெளியே காலை வைத்தார்.

டிரம் படியிறங்கியது. எட்டுப் பேரும் பின்னால் இறங்கினார்கள். மாமாவின் காலும் போனது, பாவம், ஒரு மாதப் பயிற்சி அந்த ஓர் அடிக்கு நிற்கவில்லை. கூட்டம் வழிவிட்டது, பிறகு கூடவே நடந்தது. பொருட்காட்சியை ஒரு சுற்றுச் சுற்றி, வெளிவாசலில் போய்த்தான் பாட்டு நின்றது. நடுவர் காலி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையில் எங்கள் பெயருக்கு எதிரே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு டவுன்காரர் தன் மகன் கல்யாணத்துக்கு அங்கேயே வெற்றிலை பாக்கு வைத்தார்.

"கெடுத்துட்டீங்களே மச்சான்!" என்று மாமா வழியெல்லாம் கத்தினார். கிளாரினெட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, பெரியப்பாவும் கேட்கவில்லை.

எனக்கும் ஆத்திரம்தான். காரியதரிசி அல்லவா. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏழாவத ரெண்டு தடவ படிச்சுக் காட்டுனேனே பெரியப்பா, மறந்துட்டீங்களா?"

"மறந்துதான் போச்சு ஆத்தா."

வயதாகிறது, இனிமேல் எதையும் மூன்று தடவை படித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.